பதினொண்ணு பத்து

ஜூன் 4, குளச்சல்

மினி-காக்: முதியவர்களுக்கு மறதி நோய் (டிமென்ஷியா) இருக்குமோ என்று முகாமில் பார்க்கும் சிறு சோதனை. மூன்று சொல், ஒரு கடிகாரம் வரைவது, மறுபடி அந்த மூன்று சொல். மூன்று நிமிட வேலை. ‘வாழைப்பழம், சூரிய உதயம், நாற்காலி’ என்று நிதானமாகச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். மூன்று முறை சொல்லியும் வராவிட்டால் அங்கேயே மல்லுக்கட்டாமல் கடிகாரத்துக்குப் போய்விடலாம். கடற்கரை ஊர்தானே என்று ‘வள்ளம், வலை, மீன்’ வைத்தால் காரியம் கெட்டது. ஒன்று ஞாபகம் வந்தால் மற்ற இரண்டும் தானே பின்னால் வரும்.

வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தது தப்பு. நான்காவதாக வந்த பாட்டா, கேட்கும் முன்பே ‘வாழைப்பழம்’ என்றார். மாற்றுச் சொற்பட்டியல்கள் இருப்பது இதற்குத்தான். கதவையும் சாத்தணும்.

ஜூன் 6, தக்கலை

கடிகாரம்தான் வம்பு. சுவர்க் கடிகாரத்தை முதலில் கழற்றிவிட வேண்டும். அச்சடித்த வட்டத்தைக் கொடுத்து, எண்களைப் போடச் சொல்கிறோம். அது முடிந்த பிறகே ‘பதினொண்ணு பத்துக்கு முள்ளை வையுங்க’. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் குழம்பிவிடுவார்கள். ஒரு முள் 11-இலும் மற்றது 2-இலும் நிற்க வேண்டும். ‘பத்து’ என்று காதில் விழுந்ததும் சிலர் முள்ளை 10-க்கே இழுத்துவிடுவார்கள். இந்த நேரத்தைக் கேட்பதே அந்த இழுப்பைப் பிடிக்கத்தான். முள்ளின் நீளம் கணக்கில்லை. சரியென்றால் 2, தப்பென்றால் 0. நினைவில் வந்த சொல்லுக்கு ஒவ்வொன்று. மொத்தம் 5, 3-க்குக் கீழே போனால் மேற்பரிசோதனை.

ஜூன் 7

மழை, முகாம் இல்லை. இரண்டு தாளில் கடிகாரத்துக்கு 1 போட்டிருந்தது. திருத்தியாச்சு.

ஜூன் 11, களியக்காவிளைப் பக்கம்

1956-க்கு முன் திருவிதாங்கூர்ப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர்கள் இங்கே உண்டு. ‘நாற்காலி’ என்றால் ‘கசேரதானே?’ என்கிறார்கள். வீட்டில் பேசும் மொழியிலேயே நடத்துவது நல்லது.

பென்சிலே பிடிக்காத கைக்குக் கடிகாரத்தில் 0 வந்தால் அதை மறதிக்கணக்கில் எழுதக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு வீட்டாரிடம் கேட்கும் ஏடி-8 உதவும்: எட்டுக் கேள்வி, இரண்டுக்கோ மேலோ ‘ஆமாம், மாறியிருக்கு’ என்றால் கவனிக்கணும். ‘மாமாவுக்கு பேங்க் கணக்கெல்லாம் தெரியாது’ என்றார் ஒரு மருமகள். முன்னாடி தெரியுமா? ‘என்னைக்குமே தெரியாது.’ அப்படியானால் அது மாற்றமில்லை.

ஜூன் 12

‘மூணு நாளாத்தான் இப்படிப் பேசுதாவ’ என்று ஒரு பாட்டியைக் கூட்டி வந்தார்கள். காய்ச்சல், பாதி மயக்கம். மூன்று நாளில் வருவது டிமென்ஷியா அல்ல. மூத்திரத் தொற்றோ உப்புக் குறைவோ இருக்கலாம். சொல்லும் கேட்கவில்லை, கடிகாரமும் கொடுக்கவில்லை. நேரே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி. மதிப்பெண் கட்டம் காலி.