ரப்பர் புகை கண்ட படகு

செம்பவாங் கப்பல் பட்டறையில் 31 வருஷம் பம்பு பிரித்துப் பூட்டினவன் நான். பழைய கப்பல் என்றால் கண் முதலில் பம்பைத்தான் தேடும். லண்டனின் மாஸி ஷா என்ற தீயணைப்புப் படகைப் பற்றிப் படிக்க உட்கார்ந்ததும் அதற்காகத்தான். 1935இல் கட்டியது, நிமிடத்துக்கு 3,000 கேலன் இறைக்கும். தேம்ஸ் பாலங்களுக்கு அடியில் நுழையத் தோதாகத் தாழ்வாகக் கட்டியிருக்கிறார்கள். ஆழமில்லாத இடத்திலும் போகும்.

படித்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். அதே வருஷம் அது போராடிய முதல் பெரிய தீ, வாப்பிங்கில் ஒரு ரப்பர் கிடங்கில். என் பாட்டி ஜொகூர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியும் முன் எழுந்து, தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு போவார். எங்கள் ஆட்கள் சீவிய பால் ஷீட்டாகி, சிங்கப்பூரில் கப்பலேறி, லண்டன் கிடங்குகளில் அடுக்கப்பட்ட காலம் அது. ரப்பர் பற்றினால் லேசில் அடங்காது. மேலே அணைந்த மாதிரி இருக்கும், அடியில் கனன்றுகொண்டே கிடக்கும். அந்தப் புகைக்கு முன்னால் நின்ற படகு எனக்கு எப்படி அந்நியமாகும்?

1940இல், இரண்டாம் உலகப் போரில், ஜெர்மன் படை பிரிட்டிஷ் வீரர்களைச் சுற்றிவளைத்த பிரெஞ்சுக் கடற்கரையான டன்கர்க்குக்கு அதே படகை அனுப்பினார்கள். ஆற்றுப் படகு, அதில் திசைகாட்டிகூட இல்லை. அவசரமாக ஒன்று வாங்கி வைத்தார்கள். இரும்புப் படகில் திசைகாட்டி தப்பாகக் காட்டும், அதைச் சரிப்படுத்த அவகாசமில்லை. அப்படியே கடலைத் தாண்டி, கரையில் தவித்த 500க்கும் மேற்பட்ட வீரர்களை மீட்க உதவியிருக்கிறது. ஆழமில்லாத நீரில் போகும் என்றேனே, அதுதான் அங்கே கைகொடுத்தது.

1971இல் ஓய்வு. அப்புறம் துருப்பிடித்துக் கிடந்தது. தொண்டூழியர்கள் சேர்ந்து மீட்டார்கள், லாட்டரி நிதியும் கிடைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் வைக்காமல் மறுபடி ஓடவிட்டதுதான் பெரிய வேலை. ஓடாத பம்பில் சீல் காய்ந்துவிடும், தண்டு இறுகிவிடும்.

நம் சிங்கப்பூர் ஆற்றில் தொங்கான்கள் நெருக்கியடித்து நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 1983இல் இந்தச் சரக்குப் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். ஆறு சுத்தமாக வேண்டியிருந்தது, சரி. ஆனால் அரிசி மூட்டை ஏற்றி இறக்கிய ஒரு தொங்கானை, அதே எஞ்சினோடு, ஆற்றங்கரையான போட் கீயில் ஓடும் நிலையில் வைத்திருக்கலாம். இன்றும் அந்தப் பக்கம் போனால் மனசு கேட்பதில்லை.

மகள் லண்டனில் இருக்கிறாள். ஜூனில் போகிறேன். மாஸி ஷாவின் பம்பு ஓடும்போது பக்கத்தில் நிற்க முடியுமா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.