புயல் முகாமில் பி.பி., சுகர், ஆக்சிஜன் எடுத்து டாக்டருக்கு அனுப்புவது

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டத்தில் மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதை மனதில் வைத்தே கடலோரத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறோம். மெஷினை இயக்க எல்லாரும் சீக்கிரம் படித்துவிடுகிறார்கள். நம்பக்கூடிய அளவு எடுப்பதில்தான் சிரமம்.

பி.பி.க்கு 5 நிமிட ஓய்வு வேண்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், பேசக்கூடாது. முகாம் இரைச்சலில் இந்தக் கடைசி விஷயம்தான் நடப்பதில்லை. அதனால் மூலையில் ஒரு நாற்காலியை இதற்கென்றே ஒதுக்குங்கள். வலை இழுத்துத் திரண்ட கைக்கு, பி.பி. மெஷினின் கையில் சுற்றும் பட்டை சிறியதாகப் போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை ஒன்று கட்டாயம். 1 நிமிடம் விட்டு மறுபடி எடுத்து, இரண்டையும் எழுதுங்கள்.

மழையில் நனைந்து குளிர்ந்த விரலில் ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி) தப்பாகக் காட்டும். துடைத்து, தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். நகப்பூச்சும் மருதாணியும் அளவைக் குழப்பும். அது காட்டும் நாடித்துடிப்பு மணிக்கட்டில் எண்ணியதோடு ஒத்துவராவிட்டால் ஆக்சிஜன் அளவையும் நம்பாதீர்கள். ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனால் டாக்டருக்கு போன்; 90-க்குக் கீழே என்றால் நேராக 108.

சுகர் ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடாவிட்டால் ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் கெடும். பழம் தின்ற கையைக் கழுவாமல் குத்தினால் சுகர் எகிறும். 70-க்குக் கீழே இருந்து நினைவும் இருந்தால், 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது.

நெட் போனாலும் எஸ்.எம்.எஸ். பெரும்பாலும் போகும். முகாம், பதிவு எண், வயது, எடுத்த மணி, பி.பி., நாடி, ஆக்சிஜன், சுகர் என்ற வரிசையை மாற்றாதீர்கள். எடுத்த மணி மிக முக்கியம்: காலை 6 மணி அளவு 11 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் டாக்டர் அதைப் புதிது என்று நினைப்பார். எடுக்காத அளவுக்குக் கோடு போடுங்கள், பூஜ்யம் வேண்டாம். பதில் வராத செய்தி போகாத செய்திதான், போன் போடுங்கள். எல்லாம் முதலில் நோட்டில் ஏறட்டும்.

பேட்டரி வாங்கும்போது கவனம். பி.பி. மெஷினுக்குப் பெரும்பாலும் டபுள் ஏ, ஆக்சிமீட்டருக்கு டிரிபிள் ஏ. முகாம் முடிந்ததும் கழற்றி வையுங்கள். உள்ளேயே கிடந்தால் கசிந்து முனை அரித்துவிடும், உப்புக்காற்றில் இன்னும் சீக்கிரம்.