வேலை இல்லாத நாளில் ஓவர்டிராஃப்ட் கடனை அடைத்தது எப்படி

வேலை போன அன்று ஓவர்டிராஃப்ட் எனக்கு நினைவுக்கே வரவில்லை. கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் ஒரு வரம்பு வரை எடுத்துக்கொள்ள வங்கி தரும் கடன் வசதி அது; என் சம்பளக் கணக்கோடு சேர்ந்து வந்தது. மாதக் கடைசியில் கை கடிக்கும்போது எடுப்பேன், சம்பளம் வந்ததும் தானாகக் கழிந்துவிடும். ஐந்து வருடம் இப்படியே ஓடியதில் அதையும் என் பணம் என்றே எண்ணிப் பழகிவிட்டேன்.

கணக்குத் தீர்த்து அலுவலகம் அனுப்பிய கடைசிப் பணம் வந்த நாளில்தான் விஷயம் உறைத்தது. இரண்டு மாதம் அதை வைத்து ஓட்டிவிடலாம் என்று வீட்டில் கணக்குப் போட்டிருந்தோம். பணம் வந்ததாகச் செய்தி வந்தது. இருப்பைப் பார்த்தால் இன்னும் மைனஸ். வந்தது அத்தனையும் ஓவர்டிராஃப்டுக்குப் போயிருந்தது. சரி, மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், சம்பளம் நின்றுவிட்டதால் வரம்பையும் குறைத்துவிட்டார்கள். ஓவர்டிராஃப்டை வங்கி எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம், வரம்பைக் குறைக்கலாம் என்று நான் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருந்தது. படித்ததில்லை.

அதன்பின் நான்கு மாதம் வங்கிக் கடிதங்களை நான் பிரிக்கவில்லை. பயம்தான் காரணம். அந்த நான்கு மாதத்தில் உள்ளே என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். காப்பீடு, போன், ஒரு பொருளுக்கான தவணை என மூன்று ஆட்டோ டெபிட், அதாவது மாதாமாதம் தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு, அந்தக் கணக்கில் இருந்தன. பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும். தவணை வாங்கும் நிறுவனம் தாமதக் கட்டணம் போடும். சில நாள் கழித்து அதே தவணையை மறுபடி அனுப்புவார்கள், மறுபடி திரும்பும், மறுபடி கட்டணம். இந்தக் கட்டணங்களே கணக்கை வரம்புக்கு வெளியே தள்ள, வரம்பு மீறியதற்குத் தனியாக இன்னொன்று. வட்டியை அன்றாட நிலுவைக்குக் கணக்கிட்டு மாதக் கடைசியில் கடனோடு சேர்ப்பார்கள். அடுத்த மாதம் அந்த வட்டிக்கும் வட்டி ஏறும்.

அக்கா வந்திருந்தபோது, "எவ்வளவுப்பா நிக்குது?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவள் திட்டவில்லை. எட்டு மாத ஸ்டேட்மென்டை அச்செடுத்து வரச் சொன்னாள். நாங்கள் செலவு செய்ததற்கு நீலக் கோடு, வங்கி பிடித்ததற்குச் சிவப்புக் கோடு. முடிக்கும்போது இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. நின்ற கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிவப்பு. கடைசி நான்கு மாதப் பக்கங்களில் ஒரு நீலக் கோடுகூட இல்லை. நான் ஊதாரித்தனமாகச் செலவழித்துவிட்டேன் என்ற குற்ற உணர்ச்சியில் அதுவரை புழுங்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தாள்களைப் பார்த்தபின்தான், திருப்பிக் கட்ட வேண்டிய கடன் வேறு, பேசிப் பார்க்க வேண்டிய கட்டணம் வேறு என்று புரிந்தது.

1728-இல் எடின்பரோவில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து ஒரு வணிகருக்குக் கணக்கில் இருப்பதைவிட அதிகம் எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்ததைத்தான் ஓவர்டிராஃப்டின் தொடக்கம் என்பார்கள். வரவேண்டிய பணம் வரும்வரை சமாளிக்க அவருக்கு அது உதவியது. எனக்கோ வரவேண்டிய பணமே கிடையாது. அந்த நிலையில் இந்த வசதியை நம்பியிருப்பது ஆபத்து என்று இப்போது யாரிடமும் சொல்வேன்.

மறுநாளே வேறொரு வங்கியில் ஓவர்டிராஃப்ட் இல்லாத, மினிமம் பேலன்ஸ் கேட்காத சாதாரணக் கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். அதே வங்கியில் தொடங்கினால் அதிலிருந்தும் கடனுக்குப் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கலாம் என்பதால் வேறு வங்கி. சில்லறை வேலைகளில் கிடைத்த பணம் அங்கே வந்தது, சாப்பாடும் வாடகையும் அதிலிருந்து போயின. அப்புறம் ஆட்டோ டெபிட்களை நிறுத்தினேன். வங்கியிடம் மட்டும் சொன்னால் போதாது, தவணை வாங்கும் நிறுவனத்திடமும் எழுதிக் கொடுக்க வேண்டும். நிறுத்தினால் தவணை தள்ளுபடி ஆகாது என்பதால், கையால் கட்டுகிறேன் என்று அவர்களிடம் தனியாகப் பேசிக்கொண்டேன்.

வங்கிக்கு முதலில் போன் செய்தேன். ஒவ்வொருவராக மாற்றிவிட்டார்கள், கடைசியில் யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. ஆகவே கடிதம். வேலை போன தேதி, அதற்கான அத்தாட்சி, ஒரு பக்கத்தில் வீட்டு வரவு செலவு, மாதம் என்னால் கட்ட முடிந்த தொகை. முதலில் நான் எழுதிய தொகையை அக்கா அடித்துவிட்டுப் பாதியாக்கினாள். "ரெண்டு மாசம் கட்டி மூணாவது மாசம் நின்னா உன்னை யார் நம்புவா?" என்றாள். கடிதத்தில் மூன்று கோரிக்கைகள் வைத்தேன்: இனிமேல் கட்டணம் போடக் கூடாது, நிலுவையைத் தவணைக் கடனாக மாற்ற வேண்டும், பட்டியலிட்டிருக்கும் சிவப்புத் தொகைகளைத் திருப்பித் தர வேண்டும்.

விதிமுறைப்படியே பிடித்தோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அன்று மனம் உடைந்துபோனது. இரண்டாவது கடிதத்தை வங்கியின் புகார் பிரிவுக்கு அனுப்பினேன். ஒரே தவணைக்கு இரண்டு முறை பிடித்த கட்டணம், வங்கியின் கட்டணத்தாலேயே வரம்பு மீறியதற்கான அபராதம், இரண்டையும் தேதியோடு காட்டினேன். உங்கள் இறுதிப் பதிலை எழுத்தில் தாருங்கள், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போக எனக்கு அது தேவை என்றும் சேர்த்தேன். இந்த முறை ஒரு மேடம் அவராகவே அழைத்தார். அந்த இரண்டு வகைக் கட்டணத்தையும் திருப்பித் தந்தார்கள், வட்டியைத் தரவில்லை. மீதி தவணைக் கடனானது. வட்டிக்காக இன்னும் போராடியிருக்கலாம்தான். ஆனால் கட்டணம் ஏறுவது நின்றதே பெரிய விஷயம் என்று ஒப்புக்கொண்டேன். கையெழுத்திடும் முன், கடன் வரலாற்றில் இது எப்படிப் பதிவாகும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கினேன்.

இடையில், பணம் கொடுத்தால் கடனையே இல்லாமல் ஆக்கித் தருவோம் என்று ஒரு ஏஜென்ட் அழைத்தார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

பத்தாவது மாதம் நிரந்தர வேலை கிடைத்தது. கடைசித் தவணையைக் கட்டிய அடுத்த மாதம் பழைய கணக்கில் மறுபடி ஒரு சிறிய மைனஸ். கடைசித் தவணைக்கு முந்தைய சில நாட்களின் வட்டியாம். அதையும் கட்டி, ஓவர்டிராஃப்ட் வரம்பை ரத்து செய்யச் சொல்லி, நிலுவை இல்லை என்ற கடிதத்தை நேரில் போய் வாங்கினேன். அதன் படத்தை முதலில் அக்காவுக்குத்தான் அனுப்பினேன்.