மாசியில் கழித்த அத்தி

"சார், மேற்கால நிக்கிற அத்தியை மட்டும் வைகாசி வரைக்கும் விட்டுருவோமா?" என்று கங்காணி அண்ணன் கேட்டார். காப்பித் தோட்டத்தில் நிழல் மரங்களின் கிளையைக் கழிக்கத் தொடங்கிய மாசி அது. "ஆள் இருக்கும்போதே முடிச்சிருவோம்ணே" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. தலையாட்டிவிட்டு அரிவாளை எடுத்தார்.

ஆள் கணக்கில் பிழையில்லை. கீழ்ப்பழனி மலையில் பழம் பறிப்பு முடிந்த கையோடு பிடித்தால்தான் மரமேறுகிறவர்கள் கிடைப்பார்கள். நிழலும் உண்மையில் மிஞ்சித்தான் இருந்தது. பலா, அத்தி, முள்முருங்கை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மூடிக்கொண்டால் ஐப்பசி மழையில் காப்பி இலை காயவே காயாது. இலையில் துரு நோய் ஏறும், பூவும் குறையும். காட்டுக்குள் காப்பி என்றால் காட்டை அப்படியே விடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வெளிச்சத்தில் ஏறக்குறைய பாதி, சல்லடையில் சலித்ததுபோலச் சிதறி, செடிமேல் விழ வேண்டும்.

பிழை மாதத்தில் இருந்தது. காப்பியைப் பூக்கவைக்கும் பூ மழை பங்குனி, சித்திரையில் வரும். ஒரு அங்குலம் பெய்தால் எட்டுப் பத்து நாளில் பூ விரியும். வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வண்டு பறப்பதும் சித்திரை, வைகாசியில்தான். ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு முறை. வெயில் படும் தண்டாகப் பார்த்து, பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு கொஞ்ச நாள் பட்டைக்கடியில் தின்றுவிட்டுக் கட்டைக்குள் போய்விடும். அதன்பிறகு எந்த மருந்தும் எட்டாது. மாசியிலேயே அத்தியைக் கழித்ததால் வண்டு பறக்கிற இரண்டு மாதமும் அது நின்ற மேற்குச் சரிவு பிற்பகல் வெயிலில் கிடந்தது.

அடுத்த வருடம் தண்டுகளில் மேடு தட்டியது, இலை மஞ்சளித்தது. இளம் செடிகள் செத்தன. முதிர்ந்த எஸ்.795 ரகக் காப்பிச் செடிகள் சாகாமல் இழுத்துக்கொண்டு நின்று சாவிப் பழம் கொடுத்தன. தொட்டியில் கொட்டினால் மிதக்கும். சிறப்புக் காப்பி என்று விற்க 350 கிராம் பச்சைக் கொட்டையில் பெரிய குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது, சுவையில் 80 மதிப்பெண்ணாவது வேண்டும். அந்தச் சரிவின் பழத்தைத் தனியாக ஒதுக்கினோம். புழு இருந்த செடிகளை வேரோடு பிடுங்கி எரித்தோம்.

அத்தியைக் கழித்ததுதான் காரணமா? கழிக்காத பக்கத்திலும் சில செடிகளில் புழு இருந்தது. அந்த வருடம் கோடை மழையும் பிந்தியது. தேங்காய் நாரால் பட்டையைத் தேய்த்து, 200 லிட்டர் தண்ணீரில் 20 கிலோ சுண்ணாம்பு கரைத்துத் தண்டில் அடித்திருந்தால் அத்தியைக் கழித்தும் தப்பித்திருக்கலாம். சுண்ணாம்பு பிந்தி வந்தது. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கும்போது மனம் ஆறுகிறது. ஆனால் வைகாசி என்று மாதத்தைச் சொல்லியே கங்காணி அண்ணன் கேட்டிருந்தார். எல்லா மரத்தையும் அல்ல, மேற்கு அத்தியை மட்டும். "விட்டுருவோமா" என்றது அனுமதி கேட்டதல்ல, எச்சரித்தது என்று இப்போது படுகிறது. "வேண்டாம்" என்று சொல்ல முடியாத இடத்தில் இருப்பவர் அதை வேறு எப்படிச் சொல்வார்? ஏன் என்று திருப்பிக் கேட்டிருந்தால் வண்டு பறக்கும் காலத்தைச் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

அத்தி நன்றாகத் துளிர்த்துவிட்டது. பழம் தின்னப் பறவைகள் திரும்ப வருகின்றன. அதற்குப்பின் அதில் கை வைக்கவேயில்லை, வைகாசியிலும்கூட. போன ஐப்பசியில் அதன் கீழேயே துரு கண்டது. மழைக்கு முன்னால் 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 200 லிட்டர் தண்ணீர் என்று துருவைத் தடுக்கும் போர்டோ கலவை அடித்தும், அடர்ந்த நிழலில் இலையின் ஈரம் காயவில்லை.

இந்த மாசியில், அத்தியை எப்போது கழிக்கலாம் என்று அவரிடமே கேட்டேன். "நீங்க சொல்றபடி செஞ்சிருவோம் சார்" என்றார்.