பழ டார்ட்: கூடு நமத்துப் போகாமல் செய்வது எப்படி

சுட்ட மாவுக் கூட்டில் க்ரீம் நிரப்பி, மேலே பழம் அடுக்கும் இனிப்புதான் பழ டார்ட். வீட்டில் செய்யும்போது அது பெரும்பாலும் சுவையில் தோற்பதில்லை, ஈரத்தில்தான் தோற்கிறது. க்ரீமின் ஈரம் கீழே இறங்கி மாவுக் கூட்டை நமத்துப் போகச் செய்யும். மேலே வைத்த பழத்தின் சாறு க்ரீமைத் தளர்த்தும். அடுக்கி முடித்தபோது அத்தனை அழகாக இருந்தது, வெட்டும் நேரத்தில் தட்டெல்லாம் வழிந்து நிற்கும். மாவை எப்படிச் சுடுவது, க்ரீமை எவ்வளவு நேரம் கொதிக்கவிடுவது, எந்தப் பழத்தை எப்படி வெட்டுவது என்ற எல்லாக் கேள்விக்கும் ஈரத்தை மனதில் வைத்தே பதில் சொல்ல வேண்டும்.

கீழே உள்ள அளவுகள் 23 செ.மீ. விட்டமும் 2.5 செ.மீ. உயரமும் கொண்ட, அடித்தட்டு தனியே கழன்று வரும் டார்ட் தட்டுக்கானவை. எட்டுத் துண்டுகள் போடலாம். தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். கப்பில் அள்ளினால் அமுக்கி அள்ளும் மைதா ஒரு எடை, தளர அள்ளும் மைதா இன்னொரு எடை. இந்த மாவில் 20 கிராம் கூடிப்போனாலே தேய்க்கும்போது விரிசல் விட ஆரம்பித்துவிடும்.

கூட்டுக்கு உப்பில்லாத வெண்ணெய் 120 கிராம், பொடித்த சர்க்கரை 80 கிராம், பாதாம் பொடி 30 கிராம், ஒரு முட்டை, மைதா 200 கிராம், உப்பு கால் டீஸ்பூன். சர்க்கரை நைஸாகப் பொடித்ததாகவே இருக்கட்டும். பரல் சர்க்கரை மாவில் முழுதாகக் கரையாது. ஓவனில் உருகும்போது கூட்டில் புள்ளி புள்ளியாகக் குழி விழும், ஆறியதும் கடிக்கக் கடினமாகிவிடும்.

வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் பளபளப்பாக உருகியிருக்கக் கூடாது. 18 முதல் 20 டிகிரி சரியான சூடு. அதில் சர்க்கரையையும் உப்பையும் சேர்த்துக் கரண்டியால் கலந்தால் போதும். கேக்குக்கு அடிப்பதுபோல் நுரைக்க அடிக்க வேண்டாம். உள்ளே போன காற்று ஓவனில் உப்பி, விளிம்பின் வடிவத்தைக் கெடுத்துவிடும். பிறகு முட்டை, பாதாம் பொடி. கடைசியில் மைதாவைக் கொட்டி, உலர்ந்த மாவு கண்ணில் படாத நொடியில் கையை எடுத்துவிடுங்கள். தேய்த்துத் தேய்த்துப் பிசைந்தால் மைதாவில் க்ளூட்டன் என்ற புரதத்தின் இழுவை உருவாகும். அந்த இழுவைதான் பிறகு ஓவனில் கூட்டின் சுவரைக் கீழே இழுக்கிறது. முட்டை வேண்டாம் என்பவர்கள் அதற்குப் பதில் குளிர்ந்த பால் 2 மேசைக்கரண்டி சேர்க்கலாம். கூடு சற்றே உதிரும், மற்றபடி குறையில்லை.

மாவை உருண்டையாக வைக்காமல் ஒன்றரை செ.மீ. தடிமனில் தட்டையாக்கிச் சுற்றி, ஃப்ரிட்ஜில் குறைந்தது ஒரு மணி நேரம் வையுங்கள். தட்டையாக இருந்தால் நடுவரை சீராகக் குளிரும், தேய்ப்பதும் எளிது. இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே வைத்து 3 மி.மீ. தடிமனுக்குத் தேயுங்கள். ஒட்டுகிறது என்றால் மாவு தூவாதீர்கள். மாவு இளகிவிட்டது என்றுதான் அர்த்தம். பேப்பரோடு பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் தானாகவே விட்டுவரும். தட்டில் போடும்போது மாவை இழுத்துப் பொருத்தக் கூடாது. தளர்வாக விட்டு, மூலைக்குள் மெல்லத் தள்ளி இறக்க வேண்டும். இழுத்துப் பொருத்திய இடமெல்லாம் சூட்டில் பழைய அளவுக்கே சுருங்கிவிடும். அடியில் முள்கரண்டியால் குத்திவிட்டு, ஃப்ரீசரில் 30 நிமிடம் வையுங்கள். விளிம்புக்கு மேல் நிற்கும் மாவைக் கத்தியால் சீவுவதும் குளிர்ந்த பிறகே. சீவிய மாவைத் தூக்கிப் போட வேண்டாம், சுட்ட கூட்டில் விரிசல் விட்டால் அடைக்க அதுதான் மருந்து.

கூட்டைத் தனியாகவே முழுதாகச் சுட்டு எடுக்க வேண்டும், ஏனென்றால் க்ரீம் வைத்த பிறகு இந்த டார்ட் ஓவனுக்குப் போவதில்லை. ஓவன் 175 டிகிரி, ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 160. பட்டர் பேப்பரைக் கையால் கசக்கி விரித்தால் மூலைகளில் நன்றாகப் படியும். அதன் மேல் பச்சரிசியோ கொண்டைக்கடலையோ விளிம்பு வரை நிரப்புங்கள். அடியில் மட்டும் ஒரு கை போட்டால் சுவரைத் தாங்க ஆளில்லாமல் சரிந்துவிடும். 20 நிமிடம் கழித்துப் பாரத்தை எடுத்துவிட்டு, இன்னும் 12 முதல் 15 நிமிடம். இங்கேதான் பலர் அவசரப்பட்டு வெளிர் மஞ்சளிலேயே எடுத்துவிடுகிறார்கள். வெளிறிய கூட்டுக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது, அது எப்படியும் நமத்துப் போகும். அடி நடுவிலும் பொன்னிறம் ஏறும்வரை காத்திருங்கள். டார்ட்டின் மணமே அந்த நிறத்தில்தான் இருக்கிறது.

அடுத்த வேலை ஈரத்துக்கு அணை கட்டுவது. வழி இரண்டு. சூடான கூட்டில் ஒரு மஞ்சள் கருவை ஒரு டீஸ்பூன் பாலோடு அடித்துப் பூசி, மேலும் 4 நிமிடம் சுடலாம். அல்லது முழுதாக ஆறிய கூட்டில் உருக்கிய வெள்ளைச் சாக்லேட் 50 கிராமைப் பிரஷால் மெல்லியதாகப் பூசி உறையவிடலாம். இரண்டாவதே மேல். கொழுப்புப் படலத்தைத் தாண்டித் தண்ணீர் எளிதில் போகாது. தடிமனாக மட்டும் பூசாதீர்கள், ஃப்ரிட்ஜில் இறுகி, வெட்டும்போது கூடு உடையும்.

கூட்டில் நிரப்பும் பேஸ்ட்ரி க்ரீமுக்குப் பால் 400 மி.லி., மஞ்சள் கரு 4, சர்க்கரை 80 கிராம், சோள மாவு 35 கிராம், வெண்ணெய் 30 கிராம், வனிலா, சிட்டிகை உப்பு. சோள மாவு என்றால் வெள்ளை வெளேரென்ற கார்ன்ஃப்ளார், மஞ்சள் மக்காச்சோள மாவு அல்ல. மஞ்சள் கருவில் சர்க்கரையைக் கொட்டினால் உடனே அடித்துவிடுங்கள். அப்படியே விட்டுவைத்தால் சர்க்கரை ஈரத்தை உறிஞ்சி, கரு சின்னச் சின்னக் கட்டிகளாகிவிடும், பிறகு எதற்கும் கரையாது. சோள மாவையும் சேர்த்து அடித்து, கொதிக்கத் தொடங்கும் பாலில் பாதியை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். பிறகு எல்லாவற்றையும் பாத்திரத்துக்கே திருப்பி, மிதமான தீயில், அடியும் மூலையும் விடாமல் கிண்ட வேண்டும்.

கெட்டியாகத் தொடங்கியதும் இறக்கிவிடத் தோன்றும். இறக்காதீர்கள். நடுவில் பெரிய குமிழிகள் ‘பளக் பளக்’ என்று வெடிக்க ஆரம்பித்த பிறகு, கிண்டிக்கொண்டே இன்னும் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் கொதிக்க வேண்டும். மஞ்சள் கருவில் அமிலேஸ் என்ற நொதி உண்டு, மாவுச்சத்தை உடைப்பதுதான் அதன் வேலை. சூடு போதாமல் அது பிழைத்துவிட்டால், இரவு கெட்டியாக இருந்த க்ரீம் காலையில் தண்ணீராகக் கிடக்கும். முட்டை திரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். சோள மாவு இருப்பதால் கொதிநிலையிலும் அது திரியாது. அடிபிடிப்பது ஒன்றுதான் ஆபத்து.

இறக்கியதும் வெண்ணெய், வனிலா, உப்பு சேர்த்து, வடிகட்டி, அகலமான தட்டில் பரப்புங்கள். க்ளிங் ஃபிலிமை இடைவெளியின்றி க்ரீமின் மேலேயே ஒட்டிவிட்டால் ஆடை கட்டாது. சூடு தணிந்ததும் ஃப்ரிட்ஜில் 3 மணி நேரம். எடுக்கும்போது அல்வாத் துண்டுபோல் இருக்கும், கவலைப்பட வேண்டாம், விஸ்கால் சில சுற்று அடித்தால் வழவழப்பாகிவிடும். மிருதுவானதும் நிறுத்துங்கள். மிக்ஸியிலோ பீட்டரிலோ விட்டு அடித்தால் மாவுச்சத்தின் கட்டு உடைந்து நீர்த்துவிடும், திரும்பக் கெட்டியாகாது. முட்டையில்லாமல் செய்வதானால் சோள மாவை 45 கிராமாகவும் வெண்ணெயை 50 கிராமாகவும் கூட்டுங்கள். கஸ்டர்ட் பவுடரும் ஆகும், அது நிறமும் மணமும் சேர்த்த சோள மாவுதான்.

இனி பழம். பார்க்க அழகான பழமெல்லாம் டார்ட்டுக்கு ஏற்றதல்ல. தர்பூசணி வேண்டவே வேண்டாம், அது நிற்காமல் கசியும். ப்ளூபெர்ரி, ராஸ்பெர்ரி, திராட்சை மூன்றும் முழுதாகவே நிற்பதால் நம்பகமானவை. ஸ்ட்ராபெர்ரியைக் காம்போடு கழுவி, துணியில் ஒற்றி, பிறகே காம்பைக் கிள்ளுங்கள். கிள்ளிய பின் கழுவினால் தண்ணீர் உள்ளே போய்விடும். மெல்லிய சீவலாக வெட்டாமல் பாதியாக வெட்டினால் போதும், வெட்டுமுகம் குறையக் குறையச் சாறும் குறையும். பழத்தில் முன்கூட்டியே சர்க்கரை தூவக் கூடாது என்பதும் இதனால்தான். மாம்பழம் பழுத்ததாக, ஆனால் கத்தியில் குழையாததாக இருக்கட்டும். ஆரஞ்சுச் சுளையைத் தோலுரித்து, பேப்பர் டவலில் அரை மணி நேரம் வைத்த பிறகே அடுக்க வேண்டும். ஆப்பிள், வாழைப்பழம், பேரி எல்லாம் கறுக்கும். எலுமிச்சைச் சாறு தடவினால் சிறிது நேரம் தாங்கும், அவ்வளவுதான்.

கிவி, அன்னாசி, பப்பாளி மூன்றிலும் புரதத்தை அறுக்கும் நொதிகள் இருக்கின்றன. கிவியின் நொதி பால் புரதத்தை உடைப்பதால், சில மணி நேரத்தில் க்ரீமில் கசப்பு தட்டும். அதனால் கிவியைப் பரிமாறுவதற்குச் சற்று முன்பு வைப்பது நல்லது. அன்னாசியை இரண்டு நிமிடம் சர்க்கரைப் பாகில் கொதிக்கவைத்து ஆறவிட்டால் நொதி செயலிழந்துவிடும்.

க்ரீமை 1 செ.மீ. உயரத்துக்கு மட்டும் நிரப்புங்கள். அதிகம் நிரப்பினால் பழத்தின் எடையில் விளிம்பு தாண்டும். அடுக்குவதை வெளிவட்டத்திலிருந்து தொடங்கி, ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏறும்படி உள்ளே வாருங்கள். க்ரீம் தெரியும் இடைவெளியைச் சிறு பெர்ரிகளால் மூடிவிடலாம்.

மேல்பூச்சு பளபளப்புக்காக மட்டுமல்ல, பழம் வாடாமல் காப்பதும் அதுதான். ஆப்ரிகாட் ஜாம் 100 கிராமில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுச் சூடாக்கி, வடிகட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே பிரஷால் ஒற்றி ஒற்றிப் பூசுங்கள். தேய்த்தால் பழம் நகரும், ராஸ்பெர்ரி கிழியும். ஜெலட்டின் பூச்சு வேண்டாம். ஜெலட்டினும் புரதம்தான், கிவி, அன்னாசி, பப்பாளி மூன்றும் கொதிக்கவைக்காமல் இருந்தால் அவற்றின் நொதி அதை உறையவே விடாது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

நேரத்தைப் பிரித்துக்கொண்டால் இந்த டார்ட் மிகச் சுலபம். மாவு மூன்று நாள் முன்பே ஃப்ரிட்ஜில் தயாராக இருக்கலாம். சுட்டு ஆறிய கூடு காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே இரண்டு நாள் மொறுமொறுப்பு குறையாமல் இருக்கும். க்ரீமை முந்தைய நாள் செய்யலாம். ஆனால் சேர்ப்பது பரிமாறுவதற்கு மூன்று நான்கு மணி நேரத்துக்குள்தான். சேர்த்ததை ஃப்ரிட்ஜிலேயே வைத்து, 15 நிமிடம் முன்பு வெளியே எடுங்கள். பாலும் முட்டையும் உள்ள க்ரீம் என்பதால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

வளையத்தைக் கழற்ற, உயரமான ஒரு டப்பாவின் மேல் டார்ட்டை வைத்தால் வளையம் தானே கீழே இறங்கிவிடும். ரம்பப் பல் கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, அழுத்தாமல் அறுத்து வெட்டுங்கள். மீந்த துண்டுகளை மறுநாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் க்ரீம் உருகும்போது தண்ணீர் விட்டுத் திரிதிரியாகிவிடும். குறைவான பேர்தான் என்றால் முழு டார்ட் செய்யாமல், அதே மாவில் 8 செ.மீ. கூடுகளாகச் சுட்டு டப்பாவில் வைத்துக்கொண்டு, அன்றன்றைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் க்ரீமும் பழமும் வைத்துக்கொள்ளலாம்.