கிறிஸ்துமஸ் தட்டோடு பக்கத்து வீட்டுக்கு

டிசம்பரில் பலகாரம் கொண்டுபோகும் முன், அந்த வீட்டில் என்ன சாப்பிடுவார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். சபரிமலை விரதமும் மார்கழியும் இதே நாட்களில்தான். மாலை போட்டவர் வீட்டுக்கு கேக் மட்டுமல்ல, முட்டை சேர்த்த அச்சு முறுக்கும் ஆகாது. அவர்களுக்கென்று அரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் முட்டையில்லாமல் கரைத்து, புது எண்ணெயில் முதல் ஈடாகச் சுட்டு எடுத்துவிடுங்கள். அச்சை எண்ணெயிலேயே நன்றாகக் காயவைத்து, முக்கால் பாகம் மட்டும் மாவில் முக்க வேண்டும். முழுதாக முக்கினால் மாவு மேலே மூடிக்கொண்டு கழலாது. முஸ்லிம் வீட்டுக்கான கேக் என்றால் பழங்களை ரம்மில் வேண்டாம், ஆரஞ்சுச் சாற்றில் ஊறவையுங்கள்.

தட்டுக்கு அடியில் துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள். அன்பாகக் கொடுத்த பலகாரம் அந்த நொடியே தூண்டிலாகிவிடும்.

குடில் பார்க்க வரும் பிள்ளைகள், “பாப்பா ஏன் மாட்டுத் தொட்டியில் படுத்திருக்கு?” என்று கேட்பார்கள். அப்போது லூக்கா 2:1-20 வாசித்துக் காட்டுங்கள். சில நிமிடம்தான் ஆகும். மேய்ப்பர்களுக்கு முதலில் செய்தி வந்ததை நிறுத்திச் சொல்லுங்கள். ஏழைகளைத் தேடி வந்த இயேசுவை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மேலே கேட்டால் பேசுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

24-ஆம் தேதி இரவு ஆராதனைக்குப் பக்கத்து வீட்டாரை அழைத்தால், அவர்கள் கூடவே உட்காருங்கள். அப்பம் வாங்கப் போகும் நற்கருணை நேரத்தில் அவர்கள் இடத்திலேயே இருக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.