ஐரோப்பிய லீக்கில் கால் ஊன்றும் பாயிண்ட் கார்டு

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் முடித்து, அங்குள்ள தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காமல் ஐரோப்பாவுக்கு விமானம் ஏறும் கார்டுகள் (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்கள்) வருடா வருடம் ஏராளம். அவர்களில் சிலர் சீசன் பாதியிலேயே ஊர் திரும்பிவிடுகிறார்கள். குளிரையும் சாப்பாட்டையும் எப்படியோ சமாளித்துவிடலாம். இங்குள்ள ஆட்டம் உடம்பில் ஏறுவதற்குள் கிளப்பின் பொறுமை தீர்ந்துவிடுவதுதான் சிக்கல். வளையத்தருகே நிற்கும் சென்டராக ஆடுபவர் அதிகம் பேசாமல் ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுத்தே காலம் தள்ளலாம். கார்டு அப்படி இருக்க முடியாது, அணியை ஓட்டுவதே அவர் குரல்தான்.

முதலில் மாட்டுவது முதல் அடி. நின்றபடி பந்தை வாங்கி, அதைத் தரையில் தட்டி ஓடத் தொடங்கும்போது, பந்து கையை விட்டுப் போகும் முன் பிவட் கால் (ஊன்றி நிற்கும் கால்) தரையை விட்டு எழுந்தால் டிராவலிங் என்ற விதிமீறல். அமெரிக்காவிலும் விதி இதேதான், ஆனால் அங்கே நடுவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இங்கே உடனே விசில். ஆகஸ்ட் மாதப் பயிற்சியிலேயே இதைச் சரிசெய்ய வேண்டும்: பந்தை வாங்கியதும் முன்னங்காலுக்கு வெளியே தரையில் அடி, அது கையை விட்ட பிறகே பின்னங்காலை எடு. மெதுவாகச் செய்து பழகி, பிறகு வேகத்தைக் கூட்டலாம். வேகத்தை மட்டும் நம்பி வந்தவருக்கு இது பெரிய எரிச்சல்தான். ஆனாலும் வேறு வழி இல்லை.

அடுத்தது பெயிண்ட், அதாவது வளையத்துக்கு முன்னுள்ள செவ்வகப் பகுதி. தடுப்பவர் யாரையும் காக்காமல் அங்கே மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற என்.பி.ஏ. விதி, உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் ஆட்டத்தில் கிடையாது. எதிரணி சென்டர் வளையத்துக்கு அடியிலேயே நிற்பார். பிக் அண்ட் ரோலில் (கூட்டாளி குறுக்கே நின்று மறைத்துவிட்டு வளையம் நோக்கி ஓடும் ஆட்டம்) தன்னைக் காப்பவரைத் தாண்டி உள்ளே பாய்கிற கார்டு நேராக அவர் கைக்குள்தான் போய் விழுவார். அதனால் தடுப்பவர் கைக்கு மேலே உயர்த்திப் போடும் ஃபுளோட்டர் ஷாட் இல்லாமல் இங்கே பிழைக்க முடியாது. மூலையில் நிற்பவருக்கு ஒற்றைக் கையால் பந்தைத் தள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர், மூலையில் 6.60. என்.பி.ஏ.வின் 7.24 மீட்டருக்குப் பழகிய கைக்கு இது கிட்டத்தில்தான். ஆனால் தடுப்பவரும் அதே அளவு கிட்டத்தில் நிற்பார்.

டைம் அவுட்டையும் சொல்ல வேண்டும். ஃபிபா விதியில் அதைக் கேட்கும் உரிமை கோச்சுக்கும் துணைக் கோச்சுக்கும் மட்டுமே, அதுவும் ஆட்டம் நின்றிருக்கும்போது அல்லது எதிரணி கூடை போட்ட பிறகு. நடுக்கோட்டு ஓரத்தில் இருவர் வளைத்துப் பிடித்துவிட்டால் டைம் அவுட் கேட்டுத் தப்ப வழி இல்லை. எட்டு விநாடிக்குள் கோட்டைக் கடக்கவும் வேண்டும். ஆகவே இருவர் நெருங்கும் முன்பே பந்தை விட்டுவிடுவதுதான் புத்தி. ஆட்டம் 40 நிமிடம், ஐந்து ஃபவுலில் வெளியே. முதல் கால்பகுதியில் இரண்டு வாங்கினால் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

பல அணிகளில் பயிற்சி ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் நெருக்கடியான டைம் அவுட்டில் கோச் தன் தாய்மொழிக்குத் தாவிவிடுவார். ஸ்க்ரீன் (குறுக்கே நின்று மறைப்பது) இடமா வலமா, காக்கும் ஆளை மாறிக்கொள்வதா தொடர்வதா, எத்தனை விநாடி மிச்சம்: இந்தச் சொற்களை முதல் வாரத்திலேயே உள்ளூர் மொழியில் மனப்பாடம் செய்வது நல்லது. ஸ்பெயினுக்குப் போன அர்ஜென்டினா கார்டு ஃபகுண்டோ கம்பாசோவுக்கு ஸ்பானிஷ் தாய்மொழி என்பதால் மொழிச் சிக்கலே இருக்கவில்லை. அவரையே ரியல் மாட்ரிட் அதே நாட்டின் சின்ன கிளப்பான முர்சியாவுக்குக் கடனாக அனுப்பியது. அங்கே இரண்டு சீசன் நிறைய நிமிடங்கள் ஆடித் தேறிய பிறகுதான் திரும்ப அழைத்துக்கொண்டது. பெரிய கிளப்பின் பெஞ்சைவிடச் சின்ன கிளப்பின் ஆட்ட நிமிடங்கள் கார்டுக்கு அதிகம் கற்றுத்தரும் என்பதே எங்கள் கருத்து.

வீடு, கார், விமான டிக்கெட் எல்லாம் பெரும்பாலும் கிளப் பொறுப்பு. சம்பளம் வரி போக எவ்வளவு என்றே பேசுவார்கள், வரி கட்டிய சான்றை ஆண்டு முடிவில் கேட்டு வாங்க வேண்டும். சம்பளம் தாமதமானால் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை எத்தனை நாளில் வரும் என்பது எழுத்தில் இருக்கட்டும். 2007 முதல் இயங்கும் ஃபிபாவின் கூடைப்பந்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்ற வரியும் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் பிறகு சண்டை வரும்போது தீர்ப்பாயம் வழக்கை எடுக்காது. தீர்ப்பை மதிக்காத கிளப் புதிய வீரர்களைப் பதிவு செய்வதை ஃபிபாவால் தடுக்க முடியும்.

பல லீக்குகளில் வெளிநாட்டவருக்கு இட வரம்பு உண்டு. ஜெர்மன் பி.பி.எல்.லில் ஓர் ஆட்டத்துக்கான 12 பேரில் ஆறு பேர் ஜெர்மானியராக இருக்க வேண்டும். எனவே நீண்ட காலம் தங்கியவருக்குக் குடியுரிமை கிடைத்தால் அவர் மதிப்பே மாறிவிடும். இஸ்தான்புல்லின் எஃபெஸ் அணியில் ஆடிய அமெரிக்கக் கார்டு ஷேன் லார்கின் 2020இல் துருக்கிக் குடியுரிமை பெற்றார். தேசிய அணிகளில் மட்டும், 16 வயதுக்குப் பிறகு இப்படிக் குடியுரிமை பெற்றவர்களில் அணிக்கு ஒருவருக்குத்தான் ஃபிபா இடம் தருகிறது.